பங்குனியை நூறு என்று வைத்துக்கொண்டோம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் முட்டிவலி. அப்புறம் பேரப்பிள்ளைகள். காபி வருவதற்குள் விலைவாசி வந்துவிடும். "அப்பல்லாம் ஒரு பவுன் என்ன விலை வித்துச்சு தெரியுமா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். மற்றவர்கள் உச்சுக் கொட்டுவோம். நானும் கொட்டுவேன். ஆனால் மனசுக்குள் வேறொன்று ஓடும். பவுன் ஏறியது சரி, நம் வீட்டில் பவுன் எத்தனை தடவை வாங்கினோம்? எது ஏறியது, யாருக்கு ஏறியது, எதிலிருந்து எண்ணி ஏறியது?

இப்படிக் கேட்க நான் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், பங்குனி முதல் ஆடி வரைக்கும், பென்னாகரம் சந்தையில் கற்றுக்கொண்டேன். எனக்குப் பத்து வயசு இருக்கும்.

அப்பா அங்கே ஒரு பஸ் கம்பெனியில் டிரைவர். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தகர ஷெட், கொஞ்சம் பஸ்கள், பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள். டிரைவர்களும் கண்டக்டர்களும் குடும்பத்தோடு அங்கேதான் இருந்தோம். வாடகை கிடையாது. அப்பாவுக்கு ஒகேனக்கல் ரூட். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வரும்போது டீசல் வாசமும் ஆத்து மீன் வாசமும் சேர்ந்து வரும். பரிசல்காரர்கள் பழக்கம் என்பதால் இலையில் சுற்றி மீன் கொடுத்தனுப்புவார்கள். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அப்பா பேசவே ஆரம்பிப்பார். அதற்கு முன்னால் கேட்டால் பதில் வராது.

ஆணியில் சட்டை மாட்டியதும் அந்த வருஷம் அவர் கேட்ட முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இன்னிக்கு என்னா ஏறிச்சு?"

தினமும் ஏதாவது ஏறிக்கொண்டிருந்தது. கடலெண்ணெய், சீமெண்ணெய், துணி சோப்பு. சீமெண்ணெய் வரிசையில் அம்மா தகர டின்னை வைத்துவிட்டு வந்து சமைத்துவிட்டுத் திரும்பப் போனால் டின் அதே இடத்தில் நிற்கும். எல்லா வீட்டிலும் இதே பாடுதான். கடைசியில் ஆண்கள் கூடிப் பேசி முதலாளியிடம் போனார்கள். சீனியர் கண்டக்டர் ஒருவர் இருந்தார், அவர்தான் அவர்களுக்குத் தலைவர். விசில் ஊதி ஊதிக் கன்னம் பெருத்தவர் என்று நாங்கள் பிள்ளைகள் சொல்லுவோம்.

முதலாளி ஊரில் பேர்பெற்ற முஸ்லிம் வியாபாரக் குடும்பம். வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசம், மெதுவான பேச்சு. அன்றைக்கு ஷெட்டில் நடந்த பேச்சை நான் நேரில் கேட்டேன். அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோன அம்மாவோடு நானும் போயிருந்தேன்.

"ஒப்பந்தத்துல என்ன இருக்கு?" என்றார் முதலாளி. "விலைவாசி எவ்வளவு ஏறுதோ, அவ்வளவு சம்பளமும் ஏறும். பேப்பர்ல குறியீட்டெண் வந்திருக்கு. நூத்துக்கு நாலு ஏறியிருக்குது. நாலு தர்றேன். நான் எங்க இல்லேன்னேன்?"

"அது பட்டணத்துக்காரன் கணக்குங்க முதலாளி," என்றார் சீனியர் கண்டக்டர். "அவன் திங்கிற அரிசி, அவன் குடுக்கிற வாடகை, அவன் வூட்டுக் கரண்டு. நாங்க களி திங்கிறோம். எங்க கணக்குக்கு ஒத்துவரலைன்னா ஆடிப் பதினெட்டுக்கு ஒரு வண்டியும் ஓடாதுங்க."

ஆடிப் பதினெட்டு என்றால் ஒகேனக்கலுக்குப் போகும் கூட்டம் பஸ் கூரை மேலெல்லாம் உட்காரும். கம்பெனிக்கு வருஷத்திலேயே பெரிய நாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது சொந்தக் காரில் என்னை தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் அதே முதலாளி.

அப்போதுதான் அம்மா, யாரும் கேட்காமலே, வாசலில் நின்றபடி சொன்னாள். "பேப்பர எதுக்குங்க பாக்கணும்? சந்தைக்கு வந்து பாருங்க, தெரியும்."

அப்பா திரும்பி அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் முதலாளிக்குக் கோபம் வரவில்லை.

"சரி," என்றார். "எங்க பக்கம் ஒருத்தர் வருவாங்க. உங்க பக்கம் ஒருத்தர். ரெண்டு பேரும் சேர்ந்து இன்னியில இருந்து ஆடி வரைக்கும் விலை எடுக்கட்டும். என்ன வருதோ, அதத் தர்றேன்."

எங்கள் பக்கம் அம்மா என்று அங்கேயே முடிவாகிவிட்டது. வாயைக் கொடுத்தவள் அவள்தானே. மூன்று நாள் கழித்து முதலாளி பக்கத்திலிருந்து யார் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆண்களுக்கு முகம் சிவந்துவிட்டது. முதலாளியம்மாவாம்.

"நம்மளக் கேலி பண்றாரு," என்றார் சீனியர் கண்டக்டர். "கணக்குப்பிள்ளைய அனுப்பாம பொம்பளைய அனுப்பறாரு. சந்தை எந்தப் பக்கம் இருக்குன்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

அம்மாவுக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். முதலாளியம்மா வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. பெருநாளைக்கு எங்கள் வீடுகளுக்கு பிரியாணி வரும், ஆனால் வேலைக்காரர் கையில் வரும். பெரிய இடத்துத் திமிர் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டி வைத்திருந்தோம்.

எங்கள் வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள். அக்கா. தர்மபுரி காலேஜில் பியூசி பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தாள். பொருளாதாரப் பாடத்தில் இந்தக் குறியீட்டெண் அவளுக்கு வந்திருந்தது. புஸ்தகத்தைப் பிரித்து ராகம் போட்டு வாசித்தாள்: "அடிப்படைக் காலத்து விலையை நூறு எனக் கொள்க."

"எதுல நூறு?" என்றாள் அம்மா. "ரூவாயா, கிலோவா?"

"ரெண்டும் இல்லம்மா. வெறும் நூறு."

"வெறும் நூறுன்னா?"

அக்காவுக்குத் தெரியவில்லை. மனப்பாடம் பண்ணிப் பத்து மார்க்கும் எழுதிவிட்டு வந்திருந்தாள். அவளே அப்படித்தான் பின்னால் எங்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஷெட்டின் மூலையில் சக்கரம் கழற்றிய பழைய பஸ் ஒன்று கிடந்தது. இஞ்சின் இல்லை, முன்பக்கம் மூக்கு நீண்ட அந்தக் காலத்து வண்டி. சீட்டுகள் அப்படியே இருந்தன, பச்சை ரெக்சின் கிழிந்து தேங்காய் நார் எட்டிப் பார்க்கும். வெயில் ஏறினால் உள்ளே துருவும் பழைய எண்ணெயும் கலந்து ஒரு வாசம் வரும். எங்கள் கூட்டாஞ்சோறு, கண்ணாமூச்சி எல்லாம் அதில்தான். முதலாளியம்மா ஆண்கள் முன்னால் உட்காரமாட்டார்கள் என்பதால், முதல் நாள் பெண்கள் எல்லோரும் அந்த பஸ்ஸுக்குள் கூடினோம். கறுப்பு புர்கா அணிந்து, படியில் கால் வைக்கத் தயங்கி ஏறி வந்தவர்கள், உள்ளே வந்ததும் முகத்திரையைத் தூக்கிவிட்டார்கள். நான் நினைத்ததைவிடச் சின்ன வயசு. மூக்குத்தி மின்னியது. டிரைவர் சீட்டைப் பார்த்து, "இதுல உக்காரலாமா?" என்று கேட்டார்கள். உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

முதலில் எந்தெந்தச் சாமானுக்கு விலை எடுப்பது என்று பேச்சு வந்தது. ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருத்தி உப்பு என்றாள், ஒருத்தி வளையல் என்றாள். சீனியர் கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றபடி, "பீடி, சினிமா ரெண்டையும் விட்றாதீங்க!" என்று கத்தினார். எல்லாவற்றையும் எழுதினால் கூட்டி வகுத்துவிடலாம் என்று அக்கா சொன்னாள்.

"அதெப்படிடீ?" என்றாள் அம்மா. "உப்பு ரெண்டு பங்கு ஏறுனா எனக்கு ஒண்ணும் இல்ல. ராகி ரெண்டு பங்கு ஏறுனா அடுப்பு எரியாது. ரெண்டும் ஒண்ணா?"

புஸ்தகத்தில் 'எடை' என்று ஒரு சொல் வருமே, அது இதுதானா என்று அக்கா தனக்குள் கேட்டுக்கொண்டாள். எழுந்து வீட்டுக்கு ஓடி, ஒரு முறம் நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்தாள். எங்கள் பக்கம் புளி உடைக்கிற காலம் அது. எந்த வீட்டிலும் கொட்டைக்குப் பஞ்சமில்லை.

"நூறு கொட்டை எண்ணி வச்சிருக்கேன்," என்றாள். "இதுதான் ஒரு மாசத்துச் செலவுன்னு வச்சுக்கங்க. எதுக்கு எவ்வளவு போவுதோ, அவ்வளவு கொட்டைய அந்தப் பக்கம் தள்ளுங்க."

பஸ்ஸின் கடைசி நீள சீட்டில் கொட்டைகளைப் பரப்பினார்கள். பெண்கள் சுற்றி நின்று சண்டை போட்டுச் சண்டை போட்டுத் தள்ளினார்கள். ராகிக்கு இருபத்தெட்டு போனது. அரிசிக்கு அதில் பாதி. எண்ணெய்க்குப் பத்து. உப்புக்கு ஒன்று வைப்பதா அரை வைப்பதா என்று சண்டை. பீடியும் சினிமாவும் சேர்த்து நாலு கொட்டை வாங்கிக்கொண்டன. அதற்குச் சீனியர் கண்டக்டர் ஜன்னலில் விடாமல் நின்றதுதான் காரணம்.

முதலாளியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "எங்க வூட்டுக் கணக்கு நான் வச்சுப் பாக்கட்டுமா?" என்று இன்னொரு நூறை எண்ணி எடுத்தார்கள். பாசுமதி, ஆட்டுக்கறி, நெய், துணிமணி, விருந்தாளிகள் என்று கொட்டைகள் பிரிந்து போயின. கடைசிக் கொட்டை வரை வைத்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எங்க வூட்ல ராகிக்கு ஒரு கொட்டைகூட இல்ல, டிரைவரம்மா," என்றார்கள் மெதுவாக. "அவர் பேப்பரப் பாத்து நாலுன்னு சொல்லும்போது எனக்கும் சரியாத்தான் பட்டுச்சு."

அம்மா கொட்டைகளைத் திரும்ப முறத்தில் அள்ளினாள். அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம், "அந்தம்மா அப்படியொண்ணும் இல்லைங்க," என்றாள். அப்பா சட்டையை இன்னும் மாட்டவில்லை. அதனால் பதில் வரவில்லை.

அடுத்த சந்தை நாளில் எடுத்த விலையை எல்லாம் நூறு என்று வைத்துக்கொண்டோம். வெறும் நூறு என்றால் என்ன என்று அம்மாவுக்கு அப்போது தெரிந்துவிட்டது. "அதாவது, இந்தப் பங்குனி எங்க நிக்குதோ அங்க ஒரு கோடு கிழிக்கிறோம். அதுக்கு மேல ஏறுதா, கீழ எறங்குதான்னு பாக்கறோம். அவ்வளவுதானே?" என்றாள். அக்கா, "அவ்வளவுதான்," என்றாள். புஸ்தகத்தில் இவ்வளவு சுருக்கமாகப் போட்டிருக்கலாமே என்று அவளுக்கு வருத்தம்.

சந்தையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த மிளகாய் நெடியில் எல்லோரும் தும்மிக்கொண்டே பேரம் பேசுவார்கள். ஏரியூர்ப் பக்கத்து வண்டிகளில் ராகி மூட்டை வரும். வத்தல்மலையிலிருந்து இறங்குகிறவர்கள் ஒரு ஓரமாகச் சாமை வைத்திருப்பார்கள். கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில், தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். முதலாளியம்மா முதல் வாரம் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். மூன்றாவது வாரம் அவர்களே முன்னால் போனார்கள். அவர்களுக்குப் பேரம் பேச வராது. சொன்ன விலைக்கு, "சரிங்க," என்பார்கள். ஆனால் கண் கூர்மை.

அந்தக் கண்தான் ஒரு நாள் ஒன்றைக் கண்டுபிடித்தது. ராகிக்காரி எப்போதும் படியில் கோபுரமாகக் குவித்து அளப்பாள். ஓரத்தில் வழிகிற அளவுக்கு. சித்திரையில் ஒரு வாரம் அதே விலை சொன்னாள். அக்கா, "ராகி ஏறல," என்று எழுதப் போனாள்.

"இரு கண்ணு," என்றார்கள் முதலாளியம்மா. "போன வாரம் இப்படியா அளந்தாங்க?"

ராகிக்காரி உள்ளங்கையால் படியின் தலையைத் தட்டி வழித்துவிட்டுக் கொட்டிக்கொண்டிருந்தாள். கோபுரத்தைக் காணோம். கேட்டதற்கு, "எல்லாரும் இப்ப தலைதட்டித்தாம்மா அளக்கறாங்க. வெலையா ஏத்துனேன்?" என்றாள்.

முதலாளியம்மா விடவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு டம்ளர் வாங்கி, குவித்த படியையும் தட்டிய படியையும் தனித்தனியாக அளக்கச் சொன்னார்கள். முன்னால் பத்து டம்ளர் வந்தது, இப்போது ஒன்பதுதான். அக்கா கணக்குப் போட்டு, அதே காசுக்கு ஒன்பது என்றால் நூறு நூற்றிப்பதினொன்று ஆகிவிட்டது என்றாள்.

அம்மா நடுச்சந்தையில் அப்படியே நின்றாள். முதலாளி பக்கத்து ஆள், முதலாளி கையிலிருந்து பணம் போகிற விஷயத்தைத் தானாகவே தோண்டி எடுத்துச் சொல்கிறாள். "இத எழுதினா உங்க வூட்டுக்காரருக்கு நட்டமாச்சேம்மா?" என்று கேட்டேவிட்டாள்.

"விலை எடுக்கத்தானே வந்தேன்?" என்றார்கள் அவர்கள். வெள்ளரிப் பிஞ்சு வாங்கி எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

வைகாசியில் துவரம்பருப்பு கைக்கெட்டாத விலைக்குப் போனது. அம்மா கொள்ளுக்கு மாறிவிட்டாள். தினமும் கொள்ளு ரசம், கொள்ளுக் கடைசல். நானும் அக்காவும் குதிரைபோலக் கனைத்துக் காட்டி அடி வாங்கினோம். அந்த வாரம் துவரைக்கு விலை போடவேண்டாம் என்று அம்மாவே சொன்னாள். "வாங்காத சாமானுக்கு என்னத்துக்கு வெலை?"

அக்காவின் புஸ்தகம் பட்டியலை மாற்றக்கூடாது என்றது. ஏன் என்று அது சொல்லவில்லை, அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. முதலாளியம்மாதான் கேட்டார்கள், "வாங்கலைன்னா வேண்டாம்னு அர்த்தமா, டிரைவரம்மா? விலை குறைஞ்சா திரும்ப வாங்குவீங்கல்ல?"

"வாங்குவேன். புள்ளைங்க இதத் தின்னமாட்டேங்குதுங்க."

"அப்ப அது ஏறுனதுதான். நீங்க வயித்தக் கட்டிக்கிட்டதால விலை ஏறலைன்னு ஆயிடுமா?"

இன்றைக்குப் பொருளாதாரம் படித்தவர்கள் இதைப்பற்றி இன்னும் வாதாடுகிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். ஏறினதைக் கொஞ்சம் கூட்டிக் காட்டிவிடுமாம் அப்படி எடுத்தால். இருக்கட்டும். எங்கள் சந்தையில் அன்று துவரை எழுதப்பட்டது.

இதற்கு நடுவில் நானும் சும்மா இருக்கவில்லை. எனக்கென்று ஒரு குறியீட்டெண் எடுத்தேன். சிலேட்டில். என் நூறு கொட்டையில் பாதியைச் சேமியா ஐஸுக்கு ஒதுக்கினேன். மிச்சம் கல்கோனா, ரிப்பன், எலந்த வடை. சித்திரை வெயிலில் ஐஸ்காரர் அஞ்சு பைசா ஐஸைப் பத்து பைசா ஆக்கினார். என் குறியீட்டெண் ஒரே நாளில் நூற்றைம்பது! சிலேட்டைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடி, எனக்கும் பஞ்சப்படி உயர்த்த வேண்டும் என்றேன். அப்பா சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு நிதானமாக சிலேட்டைப் படித்தார்.

"உன் முதலாளி நான் இல்ல சாமி," என்றார். "உங்கம்மா. அங்க போயி ஸ்டிரைக் பண்ணு."

ஸ்டிரைக் பண்ணினேன். ராத்திரி களி வேண்டாம் என்றேன். அம்மா சரி என்று என் பங்கையும் அக்கா தட்டில் வைத்துவிட்டாள். என் போராட்டம் அத்தோடு முடிந்தது.

ராகி மட்டும் ஏறிக்கொண்டே போனது. வைகாசி கடைசியில் நூறு நூற்றைம்பது ஆகிவிட்டது. அக்கா கொட்டையை வைத்துக் காட்டினாள். இருபத்தெட்டு கொட்டை இப்போது நாற்பத்திரண்டு. மற்றவை எல்லாம் சேர்ந்து ஏறியது அஞ்சு. மொத்தம் நூற்றிப்பத்தொன்பது. லைன் வீடுகளில் விஷயம் பரவிவிட்டது. சம்பளத்தில் நூற்றுக்குப் பத்தொன்பது! சீனியர் கண்டக்டர் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு அத்தை ஒரு சேலை பார்த்துவைத்துவிட்டாள்.

ஆனி பாதி தாண்டி ஒரு சந்தை நாள். முதலாளியம்மாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. அம்மாவும் அக்காவும் நானும் மட்டும் போனோம். சந்தை வாசலில் லாரிகள் நின்றன. கர்நாடகப் பக்கத்திலிருந்து லோடு லோடாக ராகி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. விலை சடசடவென்று இறங்கி நூற்றிருபத்தைந்துக்கு வந்துவிட்டது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? அன்றைக்கு வீட்டுக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே ராகி வாங்கினோம். ஆனால் அம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது. ஆடிக்கு முன்னால் எடுக்கிற கடைசி விலைகளில் இது ஒன்று. வீடு வருவதற்குள் சீனியர் கண்டக்டருக்குச் சேதி எட்டிவிட்டது.

"தங்கச்சி, போன வாரத்து வெலையவே போட்டுடு," என்றார். "லாரி இன்னிக்கு வரும், நாளைக்கு வராது. திரும்ப ஏறத்தான் போவுது. அந்தம்மாவும் வரலியே. யாருக்குத் தெரியும்?"

அப்பாவும், "எல்லாருக்கும் ஆவுற காரியம், பாத்துக்க," என்று மட்டும் சொன்னார்.

அம்மா அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். கொஞ்சம் கழித்து, "போன வாரத்தையே எழுது," என்றாள். அக்கா பென்சிலைப் பிடித்தாள். எழுதவில்லை. பென்சிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா துடைப்பத்தை எடுத்து, ஏற்கெனவே பெருக்கின அடுப்படியை மறுபடி பெருக்கினாள். பெருக்கி முடித்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

"வாங்கடி," என்றாள். "காய்ச்சல்காரியப் பாத்துட்டு வருவோம்."

முதலாளி வீட்டுக்குள் அன்றுதான் முதல்முறையாகப் போனேன். பின்வாசல் வழியாகத்தான் போனோம். பெரிய முற்றம், கூண்டில் கிளி, ஈரத்தரையில் வெட்டிவேர் வாசம். கட்டிலில் போர்வைக்குள் இருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா நலம் விசாரிக்கவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ராகி எறங்கிடுச்சும்மா. பங்குனிக்கு ஒண்ணே கால் பங்குதான். லாரி வந்துடுச்சு."

"அப்படியா?" என்றார்கள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். "இதச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா? அடுத்த வாரம் சொல்லியிருக்கலாமே."

"அடுத்த வாரம் வரைக்கும் வச்சிருந்தா வேற வெலையச் சொல்லியிருப்பேன்," என்றாள் அம்மா.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் கட்டிலில் உட்காரவைத்தார்கள். எங்களுக்கு ரோஸ் கலரில் சர்பத் வந்தது. டம்ளரின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தது. அந்த வீட்டில் ஐஸ் பெட்டி இருந்தது என்பதை அப்போதுதான் அறிந்தேன், என் குறியீட்டெண்ணை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

பேச்சு வாக்கில் அம்மா கேட்டாள், "உங்கள அனுப்பினப்ப எங்க ஆம்பளைங்கல்லாம் கேலின்னு நெனச்சாங்க. உங்களுக்கே சங்கடமா இருந்திருக்குமே?"

"அவர் எங்க அனுப்பினாரு? கணக்குப்பிள்ளையத்தான் அனுப்பறதா இருந்தாரு," என்றார்கள். "நான்தான் ரெண்டு நாள் சாப்பிடாம இருந்து கேட்டு வாங்கிட்டு வந்தேன். கல்யாணமாகி வந்ததுல இருந்து மாடி ஜன்னல்ல நின்னு அந்தச் சந்தைய வாராவாரம் பாத்திருக்கேன், டிரைவரம்மா. சத்தம் மட்டும் வரும்."

அம்மா அவர்கள் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு எழுந்தாள். எவ்வளவு தப்பாக எல்லோரும் நினைத்துவிட்டோம் என்று வழியெல்லாம் அக்காவிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். திமிர் என்று நாங்கள் பேர் வைத்தது, வெளியே வர விடாத ஒரு கதவு. கேலி என்று ஆண்கள் கொதித்தது, ஒரு பெண் பட்டினி கிடந்து வாங்கின அனுமதி.

ஆனிக் கடைசியில் பழைய பஸ்ஸுக்குப் பக்கத்தில் எல்லோரும் கூடினார்கள். பெண்கள் உள்ளே, ஆண்கள் வெளியே. அக்கா படிக்கட்டில் நின்று வாசித்தாள். ராகி அப்புறம் ஏறவில்லை, இருபத்தெட்டு கொட்டைக்கு முப்பத்தஞ்சு. மற்றதில் ஏறினது அஞ்சு. எல்லாம் சேர்ந்து நூற்றிப்பன்னிரண்டு.

"பன்னெண்டா?" என்றார் முதலாளி. நாலுக்கு வந்தவர்.

"பன்னெண்டா?" என்றார் சீனியர் கண்டக்டர். பத்தொன்பதுக்கு நின்றவர்.

இரண்டு பேரும் ஒரே மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டதைப் பார்த்து முதலில் சிரித்தது அப்பாதான். முதலாளி விடவில்லை. "சரி, ராகி புரியுது. பீடிக்கும் சினிமாவுக்கும் நாலு கொட்டையா? அதுக்கெல்லாம் நான் எதுக்குப் படி தரணும்?"

பஸ்ஸின் உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "பீடி, சினிமா ரெண்டும் பைசா ஏறலைங்க. அந்த நாலும் ராகிப் பக்கம் போயிருந்தா பதிமூணு ஆகியிருக்கும். சேர்த்ததால உங்களுக்குத்தான் லாபம்."

ஷெட் முழுக்கச் சிரிப்பு. ஜன்னலில் நின்று சண்டை போட்டு அந்த நாலையும் வாங்கித் தந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். "அடப்போங்கய்யா," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முதலாளி பன்னிரண்டு கொடுத்தார். முகம் சுளிக்காமல் கொடுத்தார் என்று சொல்லமாட்டேன், ஆனால் கொடுத்தார். அத்தை பார்த்து வைத்த சேலையை வாங்கவில்லை, அதைவிடச் சின்ன பார்டர் வைத்த ஒன்றை வாங்கினாள். அதுவும் அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு எல்லா வண்டிகளும் ஓடின. அப்பா ஓட்டின பஸ்ஸில் நாங்களும் ஒகேனக்கல் போனோம். கூட்டத்தில் என் ஒரு கொலுசு ஆற்றோடு போய்விட்டது. அம்மா திட்டாத ஒரே தொலைப்பு அதுதான். அக்காவுக்கு ரிசல்ட் வந்தது, பாஸ். பொருளாதாரமே எடுத்து பி.ஏ. சேருகிறேன் என்றாள். போதும் படிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா, சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "சேரட்டும்," என்றார்.

அதற்கடுத்த சந்தை நாள் காலை. விலை எடுக்கிற வேலையெல்லாம் முடிந்துவிட்டது. அம்மா நிதானமாகப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் முதலாளியம்மா. தனியாக வந்திருந்தார்கள். வேலைக்காரர் இல்லை, கணக்கு இல்லை, கையில் ஒரு புதுத் துணிப்பை மட்டும். எங்கள் லைன் வீட்டு வாசலில் பகல் வெளிச்சத்தில் முகத்திரையைத் தூக்கிவிட்டு நின்றார்கள்.

"போலாமா, டிரைவரம்மா?"

அம்மா கையைச் சேலையில் துடைத்தபடி எழுந்தாள். "இருங்க," என்றாள். "தலைய முடிஞ்சிட்டு வந்துர்றேன்."